ஐந்து காத்திக் கல்

கடைத்தெருவில்,
பூக்கடைக்கும் பணமாற்றுக் கடைக்கும் இடையில்
நஜ்முதீன் மளிகை இருந்த இடம்
இப்போது காப்பிக்கடை.
ஒரு குவளை பதினாறு வெள்ளி.
கடல்காற்றில் கதவு அறையாமல்
பிடித்து நிறுத்தியிருக்கிறது
ஓர் இரும்புப் படிக்கல்.

எனக்கு அதைத் தெரியும்.
இருபத்தெட்டு வருடம்
இந்தத் தெருவின் தராசுகளுக்கு
முத்திரை அடித்தவள் நான்.

முதலில் இங்கே காடுதான்.
வெள்ளிக்காசைப் பீரங்கியில் அடைத்துச் சுட்டார்களாம்,
பொறுக்குகிற ஆசையில்
கூலிகள் காட்டை வெட்டுவார்களென்று.
கேட்க நன்றாக இருக்கிறது.
எத்தனை காசு, என்ன எடை, யார் சாட்சி?
சீட்டில்லாத கணக்கை
என் உத்தியோகம் ஏற்பதில்லை.

பிறகு கால்விலங்கோடு கப்பலில் வந்தவர்கள்
சதுப்பை மேடாக்கினார்கள்.
அவர்களுக்கு அளந்த அரிசி
தலைதட்டியா, கும்பாரமாகவா?
அதற்கும் சீட்டில்லை.

அச்சேயிலிருந்து மிளகு வந்தது, பாக்கு வந்தது,
பின்னாலேயே வட்டி வந்தது.
படகுக்காரத் தெருவில் ஈரச்சாக்கு இறங்கும்.
மலாய்க்காரருக்குக் காந்தாங்,
சீனருக்குக் காத்தி,
துரைக்கு ராத்தல்,
நம்மவர்களுக்குப் படி.
ஒரே மூட்டை, நாலு வாயில் நாலு கனம்.
அந்த நாலுக்கும் நடுவே சிந்தியதைக்
கூட்டிப் பெருக்கித்தான்
இந்த ஊர் எழும்பியது என்பேன்:
அஞ்சடி நடைபாதை, மாடி, மரச்சன்னல்,
பள்ளிவாசல், கோயில், கொங்சி,
மணிக்கூண்டும்கூட.

ஜப்பான்காரன் காலத்தில்
வாழைமர நோட்டை எண்ணாமல்
நிறுத்து வாங்கினார்களாம்.
பிறகு தீர்வையில்லாத் துறைமுகம் என்ற பேர் போனது.
கப்பல்கள் தெற்கே திரும்பின.
பல்லாண்டு பலகையிலேயே உறங்கிய கடைக்காரர்கள்
பகலிலும் உறங்கினார்கள்.

நான் வேலைக்குச் சேர்ந்தபோது
காத்தியை மறக்கச் சொல்லியிருந்தது சர்க்கார்.
எண்பத்து மூன்று, மழை மாதம்.
பழைய கற்களைப் பறிமுதல் செய்யப் போனேன்.
நஜ்முதீன் நாலு கல்லை மேசையில் வைத்தார்.
அலமாரித் தூசியில்
ஐந்தாவதன் அடி வட்டமாக, சுத்தமாக இருந்தது.

"இன்னொன்று?"

சாக்குக்குப் பின்னாலிருந்து எடுத்துத் தந்தார்.
நிறுத்தேன்.
மூவாயிரத்து இருபத்து நாலு கிராம் இருக்க வேண்டும்.
அறுபத்தாறு கூட.
அடியில் துளை, துளைக்குள் ஈயம்,
ஈயத்தின் மேல் தேய்ந்த கிரீட முத்திரை.
அந்தக் காலத்து என் ஆள் எவனோ
பார்த்துத்தான் அடித்திருக்கிறான்.

கூடுதல் கல் விற்பவனுக்கு நட்டம்.
வாங்குகிறவனுக்கு?
பாலிக் பூலாவிலிருந்து கிராம்பு கொண்டு வந்தவர்கள்
ஒவ்வொரு தட்டுக்கும் அறுபத்தாறு கிராம்
சும்மா கொடுத்துவிட்டு
சலாம் சொல்லிப் போயிருக்கிறார்கள்,
இரண்டு தலைமுறையாக.

நஜ்முதீன் கெஞ்சவில்லை.
"எழுதிக்கொள்ளுங்கள்.
எழுதினால் எங்கள் வாப்பா திருடர்.
எழுதாவிட்டாலும்தான்."

ஏட்டில் 'நான்கு' என்று எழுதினேன்.
அவர் எனக்கு ஒன்றும் தரவில்லை,
தேநீர்கூட.
ஏன் எழுதினேன் என்று
இன்றுவரை நிறுத்துப் பார்க்கிறேன்.
முள் நிற்கவில்லை.

வாடகைச் சட்டம் போன வருடம்
அவர் காலி செய்தார்.
ஊருக்குப் பாரம்பரியப் பட்டம் வந்தபோது
சுவருக்குப் புதுச் சுண்ணாம்பு,
சுவரெல்லாம் ஓவியம்,
ஓவியத்துக்கு வரிசை.
கல் மட்டும் எப்படியோ தங்கிவிட்டது.

குனிந்து தூக்கினேன்.
கதவு படாரென்று அறைந்தது.
எல்லோரும் திரும்பினார்கள்.
"அது ஆன்ட்டிக், ஆன்ட்டி" என்றாள் கடைப்பெண்,
கோபமில்லாமல்.
இருந்த இடத்திலேயே வைத்தேன்.

என் காப்பித்தூளை
மின்தராசில் தட்டினாள்: பதினெட்டு கிராம்.
கைப்பழக்கம், கண் போய்விட்டது:
தராசின் பக்கவாட்டில் சோதனை ஒட்டுச்சீட்டு.
போன மார்ச்சோடு முடிந்திருந்தது.

பதினாறு வெள்ளியை எண்ணிக் கொடுத்தேன்.
சொல்லவில்லை.